மோட்டார் கொட்டகையில் ஒரு குண்டிக்காய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகாமல் கறிக்கடைக்குப் போகிற பெண் என்று எங்கள் ஊரில் எனக்குப் பெயர் கிடைத்திருந்தது. ஊர்க்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது நான் ஒரு தூக்குப்போசியும் தெர்மாஸ் பிளாஸ்க்குமாகப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். எதிரே முக்காடு போட்ட பெண்கள் கோயிலுக்கு வருவார்கள். ஒருத்திகூட சும்மா போகமாட்டாள். "எங்கம்மா, ஆட்டுக்குப் பிரேத பரிசோதனையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பெங்களூரில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊரில் பாதி எங்களைப் போல வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பங்கள், மீதி இந்துக்கள். இரண்டு பக்கத்துக்கும் தக்காளிதான் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் தக்காளிக் கூடையோடு பாலக்கோடு மண்டிக்குப் போகிற நேரத்தில் நான் குண்டிக்காய் தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டின் சிறுநீரகத்தை, எங்கள் பக்கத்தில் குண்டிக்காய் என்போம், உடலிலிருந்து சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். அதன் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருக வேண்டும். ரத்தத்துக்குப் பதிலாக உப்புகளும் சர்க்கரையும் புரதமும் அமினோ அமிலங்களும் கலந்த ஊட்டத் திரவத்தை அதற்குள் ஓடவிட்டு, ஆடு இல்லாமலேயே அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். உள்ளே போகிற திரவத்தில் என்னென்ன அமினோ அமிலம் எவ்வளவு, வெளியே வருவதில் எவ்வளவு என்று பார்த்தால் அந்த உறுப்பு எதைத் தின்கிறது, எதைச் செய்து வெளியே விடுகிறது என்று தெரியும். ஒருவர் உடலிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைக்கிற சிறுநீரகத்தை இடைப்பட்ட நேரத்தில் என்ன கொடுத்துக் காப்பாற்றுவது என்பது பேராசிரியரின் கேள்வி. அதில் ஒரு மூலை எனக்கு.

உறுப்பு உயிரோடு இருந்தால் திரவத்தில் சில அமினோ அமிலங்கள் குறையும், சில கூடும். குளுட்டமின் குறையும், செரின் கூடும். உறுப்பு செத்துக்கொண்டிருந்தால் செல்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் கசியும். அப்போது எதுவும் குறையாது, எல்லாமே ஏறும். எனக்கு அதுவரை வந்ததெல்லாம் ஏற்றம்தான். ஒவ்வொரு வாரமும் நான் ஒரு பிணத்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

தர்மபுரிக் கறிக்கடைக்காரர் தங்கமான மனிதர். அவருடைய நல்ல குணம்தான் என்னைக் கொன்றது. முதல் தடவை அவர் கொடுத்த குண்டிக்காயைப் பிரித்துப் பார்த்தேன். கொழுப்பு, சவ்வு, குழாய் எல்லாவற்றையும் ஒட்ட அறுத்து, மஞ்சள் தண்ணீரில் அலசி, வாழை இலையில் சுற்றியிருந்தார். கண்ணாடிக் குழாயைச் செருக நுனிகூட இல்லை.

"என்னாங்க இப்புடி பண்ணிட்டீங்க? குழாய் வேணும்னு சொன்னேனே."

"டீச்சரம்மாவுக்கு எப்புடிங்க அழுக்கோட குடுக்கறது? குழாயி நாய்க்குப் போடறதுங்க. நீங்க நல்லதா எடுத்துக்கிட்டுப் போங்க."

அடுத்த வாரம் கத்திச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் பக்கத்திலேயே நின்றேன். குழாயை விட்டுவைத்தார், ஆனால் பழக்கத்தில் கை மஞ்சள் தண்ணீருக்குள் போய்விட்டது. படித்த பொம்பளைக்கு ரத்தம் சொட்டச் சொட்ட இறைச்சி கொடுப்பது அவருக்கு அவமரியாதை. எல்லாம் சரியாக அமைந்த வாரத்தில் டவுன் பஸ் வழியில் நின்றுவிட்டது. பஸ்ஸும் வந்து, குழாயும் இருந்து, கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கரண்ட் போய்விடும், சூட்டுத் தொட்டி ஆறிவிடும். நான் நகம் கடிப்பேன், வராந்தாவில் நடப்பேன், அட்டெண்டர்மேல் எரிந்து விழுவேன். கை சும்மா இருக்காது. ஒருமுறை அந்தப் பதற்றத்தில் அமினோ அமிலங்களைப் புள்ளிகளாகப் பிரிக்கிற சோதனைக் காகிதத்தை வெறுங்கையால் தொட்டுவிட்டேன். அவற்றைக் காட்டுகிற மருந்தைத் தெளித்ததும் என் விரல் வேர்வையே ஊதாப் புள்ளிகளாக எழுந்தது. அந்த வாரம் கிடைத்த ஒரே தெளிவான முடிவு என் கைரேகைதான்.

பதிவுக்காலம் அந்தக் கோடையோடு முடிந்தது. ஒரே ஒரு சோதனையாவது உயிருள்ள உறுப்பில் செய்து காட்டினால் நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கிறேன், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குச் சொந்தத்தில் நிலம், கூட்டுறவு வங்கியில் வேலை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்குப் பையன்மேல் ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் குண்டிக்காயை நான் குழம்பில்தான் பார்ப்பேன் என்று தெரியும். வீட்டில் தினமும் சண்டை.

கடைசியில் அப்பாதான் ஒரு தீர்ப்புச் சொன்னார். "பாஸ்காவுக்குள்ள உன் குண்டிக்காய் பொழச்சிதுன்னா நீ படி கண்ணு. பொழக்கலன்னா அடுத்த ஞாயித்துக்கிழம அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும். ரெண்டு பேரும் வாய மூடுங்க."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினாள்.

தர்மபுரிக் கடையை விட்டு எங்கள் ஊர் ஆட்டையே நம்பலாம் என்று நினைத்திருந்தேன். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தபசு காலம். சாம்பல் புதனிலிருந்து எங்கள் ஊரில் ஆடு விழாது. வேதக்காரர் வீட்டில் கறி புழங்காது என்பதால் இந்துக்காரர் ஆட்டுக்கும் கிராக்கி இல்லை. மறுபடி தர்மபுரி, மறுபடி மஞ்சள் தண்ணீர். தபசு காலம் முழுக்க என் காகிதங்களில் எல்லாப் புள்ளிகளும் அடர்ந்துகொண்டே போயின. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஊரே பாடிக்கொண்டு போனபோது நான் நடுவில் நின்று, ரத்தக்குழாயை எவ்வளவு நேரத்தில் செருகலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பிப் பார்த்து என் தொடையில் கிள்ளினாள்.

அந்தக் கிள்ளில்தான் எனக்கு யோசனை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உயிர்ப்பு ஞாயிறு விடியும்போது எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஆடு விழும். குண்டிக்காயை எதற்கு நான் ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? ஆய்வகத்தைக் குண்டிக்காய் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போயிற்று.

எங்கள் தக்காளிக் காட்டு மோட்டார் கொட்டகை தெருக்கோடியிலிருந்து கூப்பிடு தூரம். கல்லூரியில் கெஞ்சிக் கண்ணாடிச் சாமான்களை வைக்கோலில் சுற்றி எடுத்துவந்தேன். பாலக்கோட்டில் வெல்டிங் கடைக்காரரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு அப்பா டிராக்டரில் கொண்டுவந்தார். சோடாக்கடையிலிருந்து ஐஸ் பாளம் ஒன்று, மரத்தூள் போட்ட சாக்கில். கரண்டை நம்பக்கூடாது என்று முடிவு செய்து, திரவம் தானாக இறங்கும்படி பாட்டிலை உத்தரத்தில் தொங்கவிட்டேன்; வெளியே வருவதைக் கையாலேயே திரும்ப அதில் ஊற்றிக்கொள்ளலாம். சூட்டுக்கு அண்டாவில் வெந்நீர், அதில் தெர்மாமீட்டர்.

ஆனால் குண்டிக்காய் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. எங்கள் ஊரில் பண்டிகை ஆடு ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. பல வீடுகள் சேர்ந்து வாங்கிக் கூறு போடும். கூறு என்றால் கறி மட்டுமல்ல. ஈரல், குடல், குண்டிக்காய், எல்லாவற்றிலும் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு விழ வேண்டும். முழுக் குண்டிக்காயை ஒருத்தர் எடுத்தால் எல்லார் கூறிலும் குறை. சொத்துச் சண்டையைக்கூட மறந்துவிடுவார்கள், கூறில் குறைந்ததை மறக்கமாட்டார்கள். அப்பா எங்கள் கூறுக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், எங்கள் பங்கு ஈரலை விட்டுக்கொடுத்துக் குண்டிக்காயை வாங்கினார். "என் மவ அதுக்கு உசிரு குடுக்கப்போறா" என்று வேறு சொல்லிவைத்திருந்தார். 

நள்ளிரவுப் பாஸ்கா பூசைக்கு நான் போகவில்லை. கொட்டகையில் சாமான்களோடு இருந்தேன். அம்மா போய்வந்தாள். வந்தவள் நேராக அடுப்பு மூட்டி அண்டாவுக்கு வெந்நீர் போட்டாள்.

விடிந்ததும் ஆட்டை அறுத்தார்கள். வயிற்றைத் திறந்தவுடன் நானே கையை விட்டேன். குழாய் நீளமாக, கொழுப்போடு, சூடாகக் கிடைத்தது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். கண்ணாடிக் குழாய் முதல் தடவையிலேயே நுழைந்தது. நூலால் கட்டினேன். திரவத்தைத் திறந்தேன். கருஞ்சிவப்பாக இருந்த குண்டிக்காய் ரத்தம் வடிய வடிய வெளிறி, மண்பானை நிறத்துக்கு வந்தது. நான் காத்திருந்தேன். சிறுநீர் வருகிற குழாயின் நுனியில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கொட்டகையைச் சுற்றி நடந்தேன், ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்தேன். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அலுத்துப்போய்க் கூறு வாங்கப் போய்விட்டார்கள்.

பிறகு அந்த நுனியில் ஒரு துளி திரண்டது. ரொம்ப நேரம் தொங்கியது. விழுந்தது.

"ஒண்ணுக்கு வுடுதுடோய்!" என்று அப்பா கத்தினார். மிச்சமிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஆனால் அடுத்த துளி வர நேரமெடுத்தது, அதற்கடுத்தது இன்னும் நேரமெடுத்தது. உயிர் இருக்கிறதா, வடிந்துகொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்தது. அப்பா கூறு வாங்கப் போனார். அம்மா மட்டும் வெந்நீர்க் குடத்தோடு வந்தும் போயும் அண்டாவின் சூட்டைப் பார்த்துக்கொண்டாள். தெர்மாமீட்டரில் எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று காட்டியிருந்தேன். ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

இரண்டு சாம்பிள் எடுத்திருந்தேன். அவற்றை ஐஸ் சாக்கில் புதைக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். திரும்பி வாசலுக்கு வந்தபோது அம்மா கல்மேல் ஏறி நின்று, உத்தரத்தில் தொங்கிய பாட்டிலுக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பழைய டானிக் பாட்டில். நான் பார்க்கும்போது அது காலியாகியிருந்தது.

"என்னத்த ஊத்தின?"

"தீர்த்தம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பாஸ்கா பூசையில் சாமியார் உப்புப் போட்டு மந்திரிக்கிற புதுத் தீர்த்தத்தை வீட்டுக்கு வீடு பாட்டிலில் பிடித்துவருவார்கள். வீட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிணற்றிலும் தக்காளிப் பாத்தியிலும் தெளிப்பார்கள். மோட்டாருக்குக்கூடத் தெளிப்பார்கள். ஆனால் தெளிப்பார்கள், ஊற்றமாட்டார்கள்.

 உத்தரத்துப் பாட்டிலில் ஒவ்வோர் உப்பையும் நான் நிறுத்துப் போட்டிருந்தேன். "செத்துப்போவட்டும்னுதான ஊத்தின?" என்று கத்தினேன். "இது செத்தாத்தான அவங்க ஞாயித்துக்கிழம வருவாங்க? அதான? வாயத் தொறந்து சொல்லு!"

அம்மா கல்லிலிருந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது அந்தக் குழாய் நுனியை.

"வருதுடி," என்றாள். "பாரு, நல்லா வருது."

உண்மைதான். துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. காரணம் எனக்குத் தெரியும். திரவத்திலிருக்கிற புரதம் தண்ணீரை வடிய விடாமல் பிடித்துவைத்திருக்கும். தீர்த்தம் சேர்ந்ததும் புரதம் நீர்த்தது, பிடி தளர்ந்தது, சிறுநீரகம் வேகமாக வடிகட்டியது. பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். அதை விளக்குகிற பொறுமையும் இல்லை, பேசுகிற மனநிலையும் இல்லை. அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பிள் எடுத்தேன். எப்படியும் கெட்டுப்போனதுதான், எடுத்தாவது வைப்போம் என்று எடுத்தேன்.

அன்று வீட்டில் பிரியாணி. நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க அப்பாவோடு டிராக்டரில் போனேன். சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவே பேச்சை எடுத்தார்.

"உங்கம்மா ராத்திரி பூசையில ரெண்டு பாட்டில் புடிச்சா. ஒண்ணு எப்பவும் போல வூட்டுக்கும் காட்டுக்கும். இன்னொண்ணு எதுக்குடின்னு கேட்டேன். பாப்பா மிஷினுக்குன்னு சொன்னா. பூச முடியறவரைக்கும் அத மடியிலயே வச்சிருந்தா."

 எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. எவ்வளவு ஊற்றினாள் என்பதாவது தெரிந்தால் கணக்கில் கழிக்கலாமே என்றுதான் புத்தி ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அந்த டானிக் பாட்டிலைத் தேடி எடுத்தேன். அடியில் சில சொட்டுகள் மிச்சமிருந்தன. அதையும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கல்லூரிக்குப் போய்ச் சாம்பிள்களைக் காகிதத்தில் வைத்து ஓடவிட்டேன். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. காகிதத்தில் திரவம் ஏற வேண்டும், காய வேண்டும், காகிதத்தைத் திருப்பி மறுபடி ஏற்ற வேண்டும். எனக்கோ வகுப்பு எடுக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் அதியமான்கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் ஓட்டுநரை இறக்கிவிட்டு நானே ஓட்டலாமா என்று இருக்கும். கடைசியில் மருந்து தெளித்துச் சூடு காட்டினேன். இந்தத் தடவை கையுறை போட்டிருந்தேன்.

தீர்த்தம் வைத்த காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அதில் எந்த அமினோ அமிலமும் இல்லை. சாம்பிள் காகிதங்களில் ஊதாப் புள்ளிகள் எழுந்தன. வரிசையாக அடுக்கினேன். முதலில் அடர்ந்திருந்த குளுட்டமின் புள்ளி போகப்போக மங்கியிருந்தது. செரின் புள்ளி போகப்போக அடர்ந்திருந்தது. நம்பாமல் புள்ளிகளைக் கத்தரித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கிற கலரிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். கண் சொன்னதையே அதுவும் சொன்னது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பல மாதங்களில் முதல் தடவையாக எழுந்து நடக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பெங்களூர் போனேன். பேராசிரியர் எண்களைப் பார்த்து முகம் மலர்ந்தார். நான் தீர்த்தத்தைப் பற்றிச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர் அவர். "நோடம்மா, இங்க பாரு, அதை விட்டுட்டு எழுது. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்," என்றேன். என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. "உறுப்பு செத்தா எல்லாம் ஏறணும். தண்ணி கலந்தா எல்லாம் இறங்கணும். இங்க ஒண்ணு இறங்கிருக்கு, ஒண்ணு ஏறிருக்கு. தண்ணி ஊத்தியும் ஏறிருக்கு சார். அது உயிரோட இருந்தா மட்டும்தான் முடியும். தீர்த்தத்த எழுதினாத்தான் இது நிக்கும். மறைச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி எண்களைப் பார்த்தார். "ஹௌது, ஆமா," என்றார் மெதுவாக. நடுவில் உப்புச் சேர்த்த கிணற்று நீர் கலந்தது, அளவு உறுதியில்லை, முடிவின் திசையை அது மாற்றவில்லை என்று எழுதச் சொன்னார். நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் வருவதாக இருந்தது. அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மண்டிக்குப் போகாத வெடிப்புத் தக்காளியை அரிந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக நாங்கள் பேசவில்லை. நான் வாசற்படியில் நின்றேன். 

அவள் தலைநிமிராமல் கேட்டாள். "அது பொழச்சிதா?"

"பொழச்சிதும்மா."

அரிவாள்மணையில் கை நின்றது. "அப்ப உங்கப்பன இன்னிக்கே போய்ட்டு வரச் சொல்லு. நாளைக்கு அவங்க வரவேணாம்னு சொல்லிட்டு வரட்டும். பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்." குரலில் வருத்தம் இருந்தது. அந்தப் பையனை அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கத்தியதைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"தீர்த்தத்தாலதான பொழச்சிது?"

முந்தின நாள் ஒரு சொல்லைக்கூட மறைக்கமாட்டேன் என்று பேராசிரியரிடம் மல்லுக்கு நின்றவள் நான். புரதம் நீர்த்துப்போனதை இவளுக்கு எப்படிச் சொல்வது? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றால் பொய். 

"நீ ஊத்தினப்புறம்தாம்மா வேகமா சொட்டிச்சி," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீதான் என் மூஞ்சியப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்த."